கல்லூரி செல்லும் தங்கைக்கு மடிக்கணினி: புதிய மலிவா, பழைய வணிக வகையா?

மழைத்துளி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இந்தக் கல்வியாண்டில் இயந்திரப் பொறியியலில் சேர்கிறாள்; அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்க வேண்டும். வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான் என்பதால், இப்போது வாங்குவது நான்கு ஆண்டுகளும் தாங்கியாக வேண்டும். நடுவில் பழுதாகி இன்னொன்று வாங்கும் நிலை வந்தால் என்னால் சமாளிக்க முடியாது. கையில் இருக்கும் தொகையோ, "நடுத்தரம்" என்று கடைக்காரர்கள் காட்டும் இயந்திரங்களுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது.

பத்து நாள் தேடியதில் மூன்று மிஞ்சியிருக்கின்றன. முதலாவது புத்தம் புதியது: ரைசன் 5 7520யூ பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலத் திரை. இரண்டாவது நுழைவுநிலை கேமிங் மடிக்கணினி; தனி கிராபிக்ஸ் அட்டை உண்டு, ஆனால் தவணையில்தான் எடுக்க முடியும். மூன்றாவது, ஏதோ ஓர் அலுவலகத்தில் பயன்பட்டுத் திரும்பி வந்து, சரிபார்த்து விற்கப்படும் 14 அங்குல வணிக வகை இயந்திரம். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை ஐ5-1135ஜி7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

பழையதைத் தொடவே கூடாது என்கிறார் சித்தப்பா. கேமிங் மடிக்கணினி இல்லாவிட்டால் வரைபட மென்பொருள் ஓடவே ஓடாது என்று தங்கையின் தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். எண்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பழுதுமேசை

சகோதரி, நான் பல ஆண்டுகளாக மடிக்கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். என் மேசைக்கு வருபவற்றை வைத்தே சொல்கிறேன்.

மாதிரிகளைப் பார்க்கும் முன், எதைப் பின்னால் மாற்ற முடியும், எதை மாற்றவே முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலான இயந்திரங்களில் பதினைந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பேட்டரியையும் மாற்றலாம். பிராசஸரை மாற்ற முடியாது. திரையை மாற்றுவது செலவு. உடலையும் கீலையும் மாற்றுவது அதைவிடச் செலவு. வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகமான ரேம் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: சில இயந்திரங்களில் ஸ்லாட்டில் செருகியிருக்கும், சிலவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும். பற்றவைத்த ரேம் குறைவாக இருந்தால், வாங்கிய அன்றே அந்த இயந்திரத்தின் ஆயுளுக்கு எல்லை போட்டுவிட்டோம் என்று பொருள். எனவே பணத்தை மாற்ற முடியாதவற்றில் போட்டு, மாற்றக்கூடியவற்றில் மிச்சம் பிடியுங்கள். எஸ்எஸ்டி 256 ஜிபியாக இருந்தால் பாதகமில்லை. பற்றவைத்த ரேம் 8 ஜிபியாக இருந்தால் பாதகம்.

இனி உங்கள் முதல் தேர்வுக்கு வருவோம். 7520யூ என்ற எண்ணில் 7 என்று தொடங்குவதைப் பார்த்ததும் அது புதிய தலைமுறை என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி அந்த 7000 வரிசை மடிக்கணினிச் சில்லுகளுக்கு வைத்த பெயர்முறையில், உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம்தான். 7520யூவில் அது 2. அதாவது ஜென் 2 கட்டமைப்பு, 2019இல் முதன்முதலில் வெளிவந்தது. ஒரே ஓர் இலக்கம் மாறி 7530யூ ஆனால், அதே "ரைசன் 5" பெயரில் ஜென் 3 கட்டமைப்பும், நான்குக்குப் பதில் ஆறு கோர்களும் (கணக்கிடும் மையங்களும்) கிடைக்கும். இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிற ஒட்டுச்சீட்டோடு உட்கார்ந்திருக்கும்.

உங்கள் மூன்றாவது தேர்வில் உள்ள 1135ஜி7, 2020இல் வந்த கட்டமைப்பு. ஆகவே சித்தப்பா "புதிது" என்று சொல்லும் இயந்திரத்தின் கோர், "பழசு" என்று ஒதுக்கும் இயந்திரத்தின் கோரைவிட வயதில் மூத்தது. இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய பணித் தொடர்கள்). ஒற்றைக் கோர் வேகத்திலும், உள்ளமைந்த கிராபிக்ஸிலும் 11ஆம் தலைமுறை ஐ5 முன்னால் நிற்கும். போதாக்குறைக்கு, 7520யூ எல்பிடிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும். அது பற்றவைத்தே வரும். 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான்.

இன்டெல்லும் சளைத்ததல்ல. ஐ3-என்305 என்ற சில்லு ஐ3 பெயரைத் தாங்கி வந்தாலும், அதில் இருக்கும் எட்டும் மின்சிக்கனக் கோர்களே. வழக்கமான ஐ3இல் இருக்கும் வேகக் கோர் ஒன்றுகூடக் கிடையாது. பெயரின் முதல் பாதியைப் படித்து ஒருபோதும் வாங்காதீர்கள்.

வரைபலகை

அக்கா, நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். உங்கள் தங்கை அடுத்த நான்கு ஆண்டுகளில் என்னென்ன திறக்கப்போகிறாள் என்பதை நான் சொல்கிறேன்.

முதலாண்டில் பெரும்பாலும் குறிப்பெடுத்தல், பிடிஎஃப் படித்தல், ஒரு நிரலாக்கப் பாடம், இரு பரிமாண வரைபடம். இதற்கு எந்த இயந்திரமும் போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து சாலிட்வொர்க்ஸ் போன்ற முப்பரிமாண மென்பொருள் வரும். அது விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், மேக் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிட்டுவிடலாம். அதை உருவாக்கியவர்களே 16 ஜிபி ரேமைப் பரிந்துரைக்கிறார்கள். 8 ஜிபியில் திறக்காதா என்றால், திறக்கும். ஆனால் கூடவே பத்துப் பன்னிரண்டு தாவல்களுடன் ஓர் உலாவியும், விரிவுரையாளரின் காணொளியும் திறந்திருக்கும்போது, ஒரு துளையின் விட்டத்தை மாற்றிவிட்டு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். முதலாண்டில் நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

தோழிகள் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அக்கா. நூற்றுக்கணக்கான உறுப்புகளைக் கொண்ட பெரிய தொகுப்பைத் திரையில் சுழற்றும்போது தனி கிராபிக்ஸ் உதவும். ஆனால் மாணவர் பயிற்சியில் வருவது ஒரு பற்சக்கரப் பெட்டி, ஒரு பிஸ்டன், ஒரு திருகு நெம்பி. முப்பது நாற்பது உறுப்புகளைத் தாண்டுவது அரிது. உறுப்புகளை வரையும் வேலை பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகத்தையே நம்பியிருக்கிறது. பழுதுமேசை அண்ணா சொன்ன அந்த ஒப்பீடு இங்கேதான் பயன்படும். பகுப்பாய்வுக்கு அன்சிஸ் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசப் பதிப்பு ஒன்றைத் தருகிறது. அதில் கணக்கின் அளவுக்கே உச்சவரம்பு இருப்பதால், அசுர பலமுள்ள இயந்திரம் இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. ஆட்டோடெஸ்க் மென்பொருள்களும் மாணவர்களுக்கு இலவசம். ஆண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மென்பொருளுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியிருந்தால், அதை ரேமுக்குத் திருப்பிவிடுங்கள்.

எடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என் அறைத்தோழனிடம் 2.4 கிலோ கேமிங் மடிக்கணினி இருக்கிறது; அதன் சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல் போல இருக்கும். முதல் மாதம் தினமும் தூக்கி வந்தான். இரண்டாவது வகுப்பு முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். விரிவுரை அறையில் சுவரோரம் இரண்டே மின்செருகிகள், அதற்கு எட்டுப் பேர் போட்டி. மூன்றாவது மாதத்திலிருந்து அந்த இயந்திரம் விடுதி மேசையை விட்டு நகரவில்லை. இப்போது வகுப்பில் நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதுகிறான்.

அனல்விசிறி

நான் மாறுபடுகிறேன். கேமிங் மடிக்கணினி என்றாலே விளையாட்டுப் பிள்ளைகளின் பொருள் என்று ஒதுக்குவது சரியல்ல.

நுழைவுநிலை கேமிங் இயந்திரங்கள் பலவற்றில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டுகளும், எஸ்எஸ்டிக்கு இரண்டு இடங்களும் இருக்கும். மெலிதான "மாணவர்" மடிக்கணினிகள் எல்லாவற்றையும் பற்றவைத்துக்கொண்டிருக்கும் காலத்தில், பின்னால் விரிவாக்க முடிகிற புதிய இயந்திரம் வேண்டுமென்றால் இந்த வகையில்தான் எளிதாகக் கிடைக்கிறது. மாற்ற முடியாததில் பணத்தைப் போடு என்ற பழுதுமேசையின் விதிப்படியே பார்த்தாலும், தனி கிராபிக்ஸும் பின்னால் சேர்க்க முடியாத பொருள்தானே? அதோடு இப்போது எல்லாத் துறைகளிலும் இயந்திரக் கற்றல் நுழைந்துவிட்டது. அதற்கான கருவிகள் பெரும்பாலும் என்விடியா கிராபிக்ஸ் அட்டைகளில் ஓடும் கூடா என்ற மென்பொருள் தளத்தின் மீதே எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் தங்கை அந்தப் பக்கம் திரும்பினால் என்ன செய்வீர்கள்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கிராபிக்ஸ் அட்டையின் பெயரைப் பார்த்தால் போதாது, அதற்கு எத்தனை வாட் மின்சாரம் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயருள்ள அட்டை, தயாரிப்பாளரின் விருப்பப்படி 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓடலாம். மெலிதான உடலுக்குள் 35 வாட்டில் மூச்சுத் திணறும் அட்டைக்கு முழுப் பெயரின் விலையைக் கொடுப்பது வீண்.

பழுதுமேசை

அனல்விசிறி சொன்ன ஸ்லாட் விவரம் சரியானது. நான் அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. தவணை இல்லாமல் வாங்கக்கூடியவராக இருந்தால் நானும் யோசிப்பேன். ஆனால் இங்கே கேட்டிருப்பவர் தனி ஒருவர் சம்பளத்தில், கையிருப்பைத் தாண்டித் தவணைக்குப் போக வேண்டியவர்.

இயந்திரக் கற்றலைப் பொறுத்தவரை, கற்றுக்கொள்ளும் கட்டத்தில் கூகுள் கோலாப் போன்ற சேவைகளில் உலாவி வழியாகவே இலவசமாக ஜிபியு (கிராபிக்ஸ் சில்லு) கிடைக்கிறது. நேர வரம்பு உண்டு, சில நேரம் கிடைக்காமலும் போகும். ஆனாலும் பாடத்துக்குப் போதும். எப்போதாவது ஒருநாள் வரக்கூடிய தேவைக்காக நான்கு ஆண்டுகள் தினமும் சுமப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

பேட்டரிக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. விளம்பரத்தில் "பன்னிரண்டு மணி நேரம்" என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, பேட்டரி எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று சொல்லும் வாட்-மணி எண்ணைத் தேடுங்கள். மின்சாரம் குறைவாக இழுக்கும் சாதாரண யூ வகைப் பிராசஸர் உள்ள இயந்திரம், உலாவுதலும் எழுதுதலுமாக இருக்கும்போது ஏறக்குறைய 7, 8 வாட் இழுக்கும். 50 வாட்-மணி பேட்டரியை 8ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். கேமிங் இயந்திரம் அதே வேலைக்கு 15 வாட்டும் அதற்கு மேலும் இழுத்தால், அதே 50 வாட்-மணி மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டும். வரைபலகையின் தோழனுக்கு இரண்டாவது வகுப்பில் நடந்தது இந்த வகுத்தல் கணக்குதான்.

நூலகவாசி

நான் வரலாறு படிக்கிறவள். இதே கேள்வியோடு இந்த இழைக்கு வரும் மற்றத் துறையினருக்காக மட்டும் சில வரிகள். கட்டுரை எழுதுவதும், ஆவணம் படிப்பதும், அட்டவணை போடுவதுமே வேலை என்றால், இத்தனை கவலை தேவையில்லை. கூகுளின் குரோம்ஓஎஸில் இயங்கும் குரோம்புக் கூடப் போதும். 2021 முதல் வெளிவந்த குரோம்புக்குகளுக்கு அந்த மாதிரிக்கு அடிப்படையான வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்து பத்து ஆண்டுகள் புதுப்பிப்பு உண்டு. நாம் வாங்கும் நாளிலிருந்து அல்ல என்பதால், கடையில் மூன்று ஆண்டு தூங்கிய குரோம்புக்குக்கு ஏழு ஆண்டுதான் மிச்சம். ஆனால் சேரும் கல்லூரியின் தேர்வு மென்பொருள் அதில் ஓடுமா என்று துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். நான் கேட்காமல் வாங்கி, ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் நூலகக் கணினியில் இடம்பிடிக்க விடியற்காலையில் ஓடுகிறேன்.

திரையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் பார்க்கப்போகும் பொருள் அது. 1366க்கு 768 என்ற தெளிவுத்திறனை இன்னமும் விற்கிறார்கள், வாங்காதீர்கள். 1920க்கு 1080 இருக்க வேண்டும், திரைப் பலகை, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகையாக இருக்க வேண்டும். மலிவான டிஎன் வகைப் பலகையைக் கண்டுபிடிப்பது எளிது: திரையை மெல்லப் பின்னால் சாய்த்துப் பாருங்கள், நிறங்கள் எதிர்மறைப் படம் போல மாறினால் அது டிஎன்.

மழைத்துளி

அனைவருக்கும் மிக்க நன்றி. தவணை எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இப்போது மனம் மூன்றாவதை நோக்கிச் சாய்கிறது. அதேசமயம் பயமும் விடவில்லை. ஐயா, பழைய இயந்திரத்தைக் கடையில் வைத்து எப்படிச் சோதிப்பது? எனக்குக் கணினியின் உள்விவரம் எதுவும் தெரியாது. கடைக்காரர் பொறுமையாக அரைமணி நேரம் தந்தால், அந்த அரைமணியில் நான் என்னென்ன பார்க்க வேண்டும்?

மேலும், புதியதையே வாங்கி, 8 ஜிபியைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார். 7520யூவில் அது முடியாது என்று இப்போது புரிகிறது. வேறு மாதிரிகளில் அப்படிச் செய்வது நல்ல யோசனையா?

பழுதுமேசை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். ஸ்லாட் உள்ள இயந்திரத்தில் அது முன்பு நல்ல யோசனையாக இருந்தது. நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ளத் தொடங்கியதால், 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. பின்னால் மலிவாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கை இப்போது நம்ப முடியாது. ஏற்கெனவே 16 ஜிபி உள்ள பழைய இயந்திரத்துக்கு இதனால் மதிப்புக் கூடியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இனி அந்த அரைமணி நேரம். இயந்திரத்தை அணைத்த நிலையிலேயே தொடங்குங்கள். மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். கீல் நெறிபடும் ஓசை வந்தாலோ, மூடியின் ஓரத்தில் உடல் சற்றே வாய் பிளந்தாலோ அதை அங்கேயே வைத்துவிடுங்கள். என் மேசைக்கு வரும் மலிவான புதிய மடிக்கணினிகளில் நான் அடிக்கடி பார்க்கும் காயம் இதுதான். பிளாஸ்டிக்கில் பதித்த சின்னஞ்சிறு பித்தளைத் திருகுக் குழிகள் பெயர்ந்து வந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கீல் திரையின் சட்டத்தையே நெம்பும். வணிக வகை இயந்திரங்களில் கீல் பெரும்பாலும் உலோகச் சட்டத்தில் திருகப்பட்டிருப்பதால் இது குறைவு. நான் பழையதைப் பரிந்துரைப்பதற்குப் பிராசஸரைவிட இதுவே பெரிய காரணம்.

அடுத்து, மேசைமேல் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்பகுதி ஆடினாலோ, டச்பேட் ஒருபக்கம் மேலெழுந்து அழுத்த முடியாமல் இருந்தாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அதில் பேரம் பேசவே வேண்டாம்.

இயந்திரத்தை இயக்கியவுடன் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைவுத் திரைக்குள்) போகச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்டால், "அதெல்லாம் தேவைப்படாது" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். பல வணிக வகை இயந்திரங்களில் அந்தக் கடவுச்சொல் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. அதன்பின் கடைக்காரர் முன்னிலையிலேயே விண்டோஸை முழுவதுமாக மீட்டமைத்து, இணையத்தோடு இணைத்து, முதல் அமைவைச் செய்யச் சொல்லுங்கள். அப்போது ஏதாவது நிறுவனத்தின் பெயரோடு "வரவேற்கிறோம்" என்று வந்து அலுவலக மின்னஞ்சல் கேட்டால், பழைய உரிமையாளர் தம் நிர்வாகப் பட்டியலிலிருந்து அதை நீக்கவில்லை என்று பொருள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11ஐ அதிகாரபூர்வமாக ஏற்கும் இயந்திரமே வேண்டும். இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் ஏற்கும். உங்களுடையது 11 என்பதால் கவலையில்லை.

பேட்டரிக்குக் கமாண்ட் பிராம்ப்டில் "பேட்டரி ரிப்போர்ட்" எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அதற்கான கட்டளை இருக்கிறது. வரும் அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு. இரண்டாவது முதலாவதில் எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், பேட்டரியை மாற்றித் தரச் சொல்லியோ விலையைக் குறைக்கச் சொல்லியோ கேட்கலாம். கடைசியாக விசைகள் அனைத்தையும் ஒரு வெற்று ஆவணத்தில் அழுத்திப் பாருங்கள். சார்ஜரைச் செருகிக் கம்பியை மெல்ல ஆட்டிப் பாருங்கள், சார்ஜ் ஏறுவது நின்று நின்று வரக்கூடாது. யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறுகிறதா என்று சோதியுங்கள். ஏறினால், விடுதியில் சார்ஜர் தொலைந்தாலும் தோழியின் 65 வாட் சார்ஜரைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இரவுக்குறிப்பு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த "நிறுவனப் பெயரோடு வரவேற்கிறோம்" என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கு அப்படி ஒன்றை வாங்கினேன். கடையில் எல்லாம் நன்றாகவே ஓடியது. கணினியின் பெயர்கூட அவன் பெயரையே வைத்துக் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து வைரஸ் என்று நினைத்து மீட்டமைத்தான். மறுபடி இயங்கியபோது, நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் சின்னத்தோடு கடவுச்சொல் கேட்டது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த நிறுவனத்துக்கே மின்னஞ்சல் எழுதி, வரிசை எண்ணை அனுப்பி, ஐந்து வாரம் காத்திருந்த பிறகு பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஐந்து வாரமும் அவன் பருவ ஒப்படைப்புகளைக் கைப்பேசியில் எழுதினான். மீட்டமைப்பைக் கடையிலேயே செய்து பார்த்திருந்தால் நாற்பது நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வரைபலகை

அக்கா, ஒரு சிறு சேர்க்கை. ஸ்னாப்டிராகன் பிராசஸர் உள்ள விண்டோஸ் மடிக்கணினிகளையும் யாராவது காட்டக்கூடும். பேட்டரி அருமையாக நிற்கும். ஆனால் அவை இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலிருந்து வேறுபட்ட ஏஆர்எம் வகை. பழைய மென்பொருளை மொழிபெயர்த்து ஓட்டிவிடும், கருவிகளைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளான டிரைவர்களை அப்படி ஓட்டாது. ஆய்வகக் கருவியை யுஎஸ்பியில் செருகும்போது, அதற்கென எழுதப்பட்ட ஏஆர்எம் டிரைவர் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். நம் துறைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

மழைத்துளி

நேற்று தங்கையையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய்வந்தேன். பழுதுமேசை ஐயாவின் பதிவை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு அவரும் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கீல் உறுதியாக இருக்கிறது. பயாஸ் கடவுச்சொல் இல்லை. மீட்டமைத்துப் பார்த்தோம், எந்த நிறுவனப் பெயரும் வரவில்லை. விசைகளில் இடப்பக்க ஷிஃப்ட் மட்டும் எழுத்துத் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. பேட்டரி அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவு 57 வாட்-மணி, இப்போதைய முழுக் கொள்ளளவு 36.9. கணக்குப் போட்டதில் ஏறக்குறைய 65 விழுக்காடு. புதிய பேட்டரி போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓராண்டு உத்தரவாதத்தையும் எழுதித் தருகிறார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இந்தப் பிராசஸரில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் இருக்கும் என்று இணையத்தில் படித்திருந்தேன். டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால், இன்டெல் யூஎச்டி கிராபிக்ஸ் என்று மட்டுமே இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? இன்னும் பணம் கொடுக்கவில்லை.

பழுதுமேசை

ஏமாற்று இல்லை, சகோதரி. நல்ல கண் உங்களுக்கு. அந்தத் தலைமுறையில் ரேம் இரட்டைத் தடத்தில், அதாவது இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில், இயங்கினால் மட்டுமே அந்த கிராபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்இ என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். 16 ஜிபியை ஒரே தகடாக ஒரு ஸ்லாட்டில் செருகி, மற்றதைக் காலியாக விட்டிருந்தால், அதே சில்லு யூஎச்டி என்றே பெயர் சொல்லும். வெறும் பெயர் மாற்றம் என்று விட்டுவிட வேண்டாம். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. பிராசஸரின் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. ஒற்றைத் தடத்தில் அந்தப் பாதை பாதியாகக் குறுகிவிடுவதால், முப்பரிமாண மாதிரியைச் சுழற்றும்போது தடுமாற்றம் கண்ணுக்கே தெரியும்.

டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால் "இரண்டில் ஒரு ஸ்லாட் பயன்பாட்டில்" என்று இருக்கும். கடைக்காரரிடம் அந்த 16 ஜிபி தகட்டை எடுத்துக்கொண்டு இரண்டு 8 ஜிபி தகடுகள் போட்டுத் தரச் சொல்லுங்கள். பழைய இயந்திரங்களைப் பிரித்து விற்பவரிடம் 8 ஜிபி தகடுகள் நிச்சயம் கிடக்கும்.

அனல்விசிறி

இது எனக்கே தெரியாத செய்தி. என் பழைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாக யூஎச்டி என்றுதான் காட்டிக்கொண்டிருக்கிறது. தனி கிராபிக்ஸ் வேண்டும் என்று வாதாடியவன், இருந்த கிராபிக்ஸையே பாதிதான் பயன்படுத்தியிருக்கிறேன்.

மழைத்துளி

இன்று வாங்கிவிட்டோம். நீங்கள் சொன்னபடியே ஒரு ஸ்லாட்தான் பயன்பாட்டில் இருந்தது. கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அதிலிருந்து ஒரே வேகமுள்ள இரண்டு 8 ஜிபி தகடுகளைத் தேடி எடுத்துப் போட்டார். கூடுதல் பணம் கேட்கவில்லை; 16 ஜிபி ஒற்றைத் தகடு அவருக்குத்தான் லாபம் என்று தங்கை வெளியே வந்து சொன்னாள். அதுவும் சரிதான். இயக்கிப் பார்த்தபோது ஐரிஸ் எக்ஸ்இ என்று வந்தது. புதிய பேட்டரியின் முழுக் கொள்ளளவு 56.4 காட்டுகிறது.

சித்தப்பா வந்து மூடியை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தங்கை இப்போது சார்ஜரில் தன் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

பழுதுமேசை

மகிழ்ச்சி. இன்று இரவே ஒரு வேலையை முடித்துவிடுங்கள்: கல்லூரிக் கோப்புகளுக்கு ஒரு கோப்புறை, அது மேகச் சேமிப்பில் தானாகப் படியும்படி ஓர் அமைவு, மாதம் ஒருமுறை ஒரு வெளி வன்தட்டில் ஒரு பிரதி. எஸ்எஸ்டி போகும்போது முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் போவதில்லை. கோப்புகளை மீட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் கையை விரிப்பதுதான் என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி. டிஸ்க் குறியாக்கத்தின் மீட்புச் சாவியையும் (டிஸ்க் பூட்டிக்கொண்டால் திறக்க உதவும் எண்) ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை உங்கள் வீட்டில் வையுங்கள், அவள் விடுதியில் அல்ல.

மழைத்துளி

எழுதி என் அலமாரியில் வைத்துவிட்டேன், ஐயா.